ஆடியில் கொச்சியா, பெங்களூரா, இல்லை மார்ச் வரை பொறுப்பதா? கூட்டமில்லாத தீம் பார்க்குக்கு ஒரு கணக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு தீம் பார்க் விஷயத்தில் ஒரு வசதி உண்டு, ஒரு குழப்பமும் உண்டு. கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரை குன்றின் மேல் ஒரு வொண்டர்லா. 2000-ல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்தது அதுதான். பெங்களூர்–மைசூர் சாலையில் பிடதிக்கு அருகே இன்னொன்று, 2005-ல் வந்தது. 2025 டிசம்பரிலிருந்து சென்னையிலும் திருப்போரூர் பக்கம் ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரி ரைடுகள். ஆனால் எந்த மாதம் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அந்த நாள் அனுபவம் தலைகீழாக மாறும்.

மே மாதத்தில் போகவே கூடாதா என்று கேட்டால், வேறு வழியில்லை என்றால் போங்கள் என்பேன். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் போங்கள். 28 பேர் உட்காரும் ஒரு ரோலர் கோஸ்டர் ரயில், ஏற்றி, பெல்ட் சரிபார்த்து, ஓடி, இறக்கி முடிக்க 5 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 336 பேர். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றால் ஒரே ஒரு ரைடுக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதே வரிசையில் 40 பேர்தான் என்றால் அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ ஏறிவிடலாம். மே மாத ஞாயிறன்று காலையிலிருந்து மாலை வரை நின்று ஐந்தாறு பெரிய ரைடு பார்ப்பவர், ஆடி மாதத்துச் செவ்வாயன்று மதியச் சாப்பாட்டுக்குள் அதை முடித்துவிடுவார். வரிசையைத் தாண்டிப் போக விற்கும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட்டும் அப்போது தேவைப்படாது. நான்கு பேர் குடும்பத்துக்கு உண்மையான மிச்சம் அதில்தான் இருக்கிறது. அவ்வப்போது அறிவிக்கும் சலுகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, கூட்டமில்லாத காலம் எது? இதற்கு ஊகம் தேவையில்லை. வொண்டர்லா 2014-ல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம். காலாண்டுக் கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வழக்கமாக ஏப்ரல்–ஜூன் உச்சம், ஜூலை–செப்டம்பர் அடிமட்டம். பள்ளி திறந்து, ஃபீஸ் கட்டி, சீருடையும் நோட்டும் வாங்கிக் கை காய்ந்திருக்கும் காலம் அது, மழை வேறு. இங்கே ஆடி என்றால் கேரளத்தில் அதே மாதம் கர்க்கடகம். அங்கேயும் அது கையைக் கடிக்கும் மாதம்தான்; கல்யாணம் கிடையாது, செலவை எல்லாம் ஓணத்துக்கு ஒத்திவைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் குறையும் மாதம் அது.

இதில் பலர் சறுக்குவது காலண்டரில். நம் ஊர்ப் பள்ளி நடக்கும் நாளைப் பார்த்து டிக்கெட் போடுகிறோம்; பூங்கா இருக்கும் மாநிலத்தின் காலண்டரைப் பார்ப்பதில்லை. ஓணம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5, 2026-ல் ஆகஸ்ட் 26. அதை ஒட்டிய பத்து நாள் பள்ளி விடுமுறையில் கொச்சிப் பக்கமே போகாதீர்கள். ஆனால் அதற்குச் சற்று முந்தைய நாட்களில் அங்கே பிள்ளைகளுக்குப் பரீட்சை ஓடும். பூங்கா காலியாக இருக்கும். ஆடி அமாவாசை நமக்குச் சாதாரண வேலை நாள், கேரளத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் வாவுபலிக்காகப் பொது விடுமுறை. கர்நாடகத்தில் தசரா விடுமுறை இரண்டு வாரத்தை ஒட்டி நீளும். இதே கணக்கு எதிர்த்திசையிலும் உண்டு. செப்டம்பர் கடைசியில் நம் காலாண்டு விடுமுறை, ஜனவரியில் பொங்கல் விடுமுறை ஆகியவை எர்ணாகுளத்துக்கு வேலை நாட்கள்தான், ஆனால் வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டி நம் ஆட்களே போய் வரிசையை நிரப்பிவிடுவார்கள். "அவங்களுக்கு லீவு இல்ல, கூட்டம் இருக்காது" என்று கிளம்பினால், பக்கத்து வீட்டுக்காரரையே வேவ் பூலில் பார்ப்பீர்கள்.

அடுத்தது மழை. ஜூலையில் கோவையில் விழுவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும்தான். அதை வைத்துக் கொச்சியை எடை போடக் கூடாது. கொச்சியில் ஜூலையில் மட்டும் சராசரியாக 500 மி.மீ.க்கு மேல் கொட்டும். ஜூனில் அதைவிட அதிகம். ஆகஸ்டில் நன்றாகக் குறையும். பெங்களூரில் ஜூலை மழை 100 மி.மீ.யை ஒட்டித்தான். ஆக, காகிதத்தில் பார்த்தால் பெங்களூர் ஜெயிக்கிறது. ஆனால் பூங்காவுக்குள் கேள்வி எவ்வளவு மழை என்பது அல்ல, எந்த மாதிரி மழை என்பதுதான்.

மழை பெய்தால் கோஸ்டரையும் உயர ராட்டினங்களையும் நிறுத்துவார்கள். சக்கரமும் தண்டவாளமும் நனையும்போது உராய்வு குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் மாறும். அந்த வேகத்தில் மழைத்துளி முகத்தில் ஊசியாகக் குத்தும் என்பது வேறு. பலமான காற்றடித்தாலும் இதே கதைதான். தண்ணீர் விளையாட்டுகளோ வெறும் மழைக்கு நிற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நனைந்திருப்பவருக்கு மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் என்ன? அவற்றை நிறுத்துவது மின்னல். இங்கேதான் ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் வித்தியாசம். கேரளத்தில் இடிமின்னல் அதிகம் ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பரிலும்தான்; அந்த மாதங்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு வரை திறந்தவெளியைத் தவிர்க்கச் சொல்லி அந்த மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே எச்சரிக்கும். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது மழை நின்று நின்று, நிதானமாகப் பெய்யும். இடி ஒப்பீட்டளவில் குறைவு. எனவே "மழையெல்லாம் ஓயட்டும், அக்டோபரில் போகலாம்" என்பது கேட்க நியாயமாக இருந்தாலும் நல்ல யோசனை அல்ல. ஜூலையில் கோஸ்டர் நிற்கும், தண்ணீர் ஓடும். அக்டோபரில் மதியத்துக்கு மேல் இரண்டுமே நின்றுவிடலாம்.

இன்னொரு வித்தியாசம் குளிர். கொச்சி கடல் மட்டத்து ஊர். கொட்டும் மழையிலும் பகலில் 28, 29 டிகிரி இருக்கும். தண்ணீரிலிருந்து வெளியே வந்தால் நடுங்க மாட்டீர்கள். பெங்களூர் ஜூலை அப்படி இல்லை. மேகமூட்டம், விடாத காற்று, வெப்பநிலை இருபதுகளின் நடுவில். வேவ் பூலில் இறங்கிய பிள்ளை பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி ஏறி வரும். டிசம்பர், ஜனவரி இன்னும் மோசம். ஆனால் அதே காற்றும் மேகமும் தரை ரைடுகளுக்கு அருமை. வெயிலில் வாடாமல், வியர்க்காமல், முன்னும் பின்னும் ஓடும் ரீகாயில் கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏறலாம்.

இதனால்தான் யாராவது என்னிடம் கேட்டால், முதலில் பிள்ளையின் உயரத்தை அளக்கச் சொல்கிறேன். 140 செ.மீ. என்பது இங்கே முக்கியமான கோடு. அதற்குக் கீழே குழந்தை டிக்கெட், மேலே பெரியவர் டிக்கெட். பல பெரிய ரைடுகளில் ஏற்றிக்கொள்ளவும் அதே உயரத்தைத்தான் கேட்பார்கள். 125 செ.மீ. பிள்ளைக்குக் கோஸ்டர் மழையில் நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்றுதான். ஏற விடப் போவதில்லை. அவனுக்கு வேண்டியது தண்ணீர்ச் சறுக்குகளும் அலைக்குளமும். அவனுக்கு ஆடி மாதக் கொச்சி பொருந்தும். 140-ஐத் தாண்டிய பதின்வயதுப் பிள்ளைகளைக் கொச்சி மழையில் கூட்டிப்போய் மூடிக் கிடக்கும் கோஸ்டரைக் காட்டினால் வீடு வந்து சேரும் வரை முகம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு பெங்களூர். வீட்டில் இரண்டு உயரத்திலும் பிள்ளைகள் இருந்தால்? அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது.

பிப்ரவரி கடைசியும் மார்ச்சும். இரண்டு மாநிலங்களிலும் மழை இல்லை, தண்ணீரும் குளிராது, எல்லா ரைடும் ஓடும். பொதுத் தேர்வுக் காலம் என்பதால் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகள் அசையாது. வானிலையை மட்டும் பார்த்தால் வருடத்தின் சிறந்த காலம் இதுதான், மறுப்பில்லை. ரம்ஜான் நோன்பும் அந்தப் பருவத்தில் வந்தால் கூட்டம் இன்னும் குறையும். பெருநாளை ஒட்டிய நாட்களை மட்டும் தவிருங்கள். ஆனால் இது பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கைக்கெட்டாத கனி. மார்ச் மாதத்தில் லீவு லெட்டர் கொடுத்தால் வகுப்பாசிரியர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும். ஜூலையில் ஒரு நாள் போடுவதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருக்காது. அதிகபட்சம் ஒரு யூனிட் டெஸ்ட் போகும். எனவே பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தை உள்ளவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், ஆபீஸ் நண்பர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளை உள்ளவர்களுக்கு ஆடிதான். இரண்டு உயரத்துக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள், பெரியவனுக்குத் தேர்வு இல்லாத வருடமாக இருந்தால், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஆசிரியரிடம் பேசிப் பார்க்கலாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வேலை நாளில் போவது கூட்டமில்லாத யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். பொறிதான் அது. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி வரும் பருவம் அது. அவை வருவதும் வேலை நாளில்தான். ஒரு பேருந்தில் ஐம்பது பேர், எல்லோரும் ஒரே ரைடுக்கு ஒன்றாக ஓடுவார்கள், முன்னால் நிற்பவன் பின்னால் வரும் முப்பது பேருக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு இருக்கும். கார்த்திகை, மார்கழியில் கேரளம் போகும் ரயில்களில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ் வாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சென்னைப் பூங்காவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தலைக்கு மேலே தண்டவாளம் ஓட, காலைத் தொங்கப் போட்டபடி பறக்கும் தஞ்சோரா கோஸ்டர் அங்கே இருக்கிறது. அதற்காகவே போகலாம் என்பவர்களைப் புரிந்துகொள்கிறேன். கேரளம் நனையும் ஆடியில் சென்னை 35 டிகிரியில் காயும், மழை வந்தால் பெரும்பாலும் சாயங்காலம். அதனால் ஜூலை, ஆகஸ்ட் அங்கே கெட்ட மாதங்கள் அல்ல. தவிர்க்க வேண்டியது நவம்பரைத்தான். ஆனால் புதிய பூங்கா என்பதால் உள்ளூர்க் கூட்டமே இன்னும் ஆர்வத்தோடு இருக்கும். கோவையிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய் அதில் நிற்க எனக்கு மனசில்லை. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் வேறு ரகம். கோவையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், தண்ணீர் விளையாட்டுக்கென்றே உள்ளது. ஊட்டிக் கூட்டம் ஓய்ந்த ஒரு வேலை நாளில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நாலரை மணி நேரம் கார் ஓட்டி வேறு எங்கும் போக வேண்டிய அவசியமே இல்லை.

கூட்டமில்லாத காலத்துக்கு என்று சில தொல்லைகள் உண்டு. அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். ஆள் குறையும் மாதத்தில்தான் ரைடுகளைப் பிரித்துப் பராமரிப்பார்கள். நீங்கள் ஆசைப்பட்டுப் போகும் ஒன்று அன்று மூடியிருக்கலாம். முந்தைய நாள் போன் போட்டு எது ஓடவில்லை என்று கேட்டுவிடுங்கள், கேட்டால் சொல்வார்கள். வேலை நாளில் மாலை மூடும் நேரமும் வார இறுதியைவிட முந்திவிடும். சில ராட்டினங்களை இருக்கை ஓரளவு நிறையாமல் ஓட்ட மாட்டார்கள். எடை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டியவையும் உண்டு, வெறும் நாலு பேருக்காக ஓட்ட வேண்டாம் என்பதும் உண்டு. ஒரு பூங்காவில் ஆறு பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி, வராத கூட்டத்துக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தோம். ஆபரேட்டரோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத நாளில் சாப்பாட்டுக் கவுன்டர்களிலும் பாதி மூடியிருக்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை.

பணத்தைப் பார்த்தால் டிக்கெட்டைவிடப் பயணம்தான் தீர்மானிக்கும். கோவையிலிருந்து பள்ளிக்கரை ஏறத்தாழ 190 கி.மீ. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம், ராத்திரியே திரும்பவும் முடியும். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு பாலக்காடு–திருச்சூர் சுலபம். அதன் பிறகு வரும் மண்ணுத்தி–அங்கமாலிப் பகுதிதான் பொறுமையைச் சோதிக்கும். பாலப் பணிகளும் நெரிசலுமாக அந்தச் சாலை இருந்த நிலையைப் பார்த்து, 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலையே நிறுத்தி வைத்தது; இரண்டு மாதத்துக்கு மேல் அது தொடர்ந்தது. மழை நேரத்தில் ராத்திரி அந்த வழியில் ஓட்டித் திரும்புவதைவிட, ரயிலில் ஆலுவா இறங்கி அங்கிருந்து கார் பிடிப்பது எனக்குப் பிடித்த வழி. அல்லது ஒரு ராத்திரி தங்குங்கள். பருவமழைக் கால வேலை நாளில் கொச்சியில் அறை வாடகை இறங்கியிருக்கும்.

பெங்களூரில் இந்தக் கடைசி வசதி கிடையாது. அது வேலைக்காக வருபவர்களின் ஊர். திங்கள் முதல் வியாழன் வரை நகருக்குள் அறை மலிவாகக் கிடைப்பது அபூர்வம். சேலம், ஓசூர் வழியாகப் போனால் நகர நெரிசலைச் சுற்றிக்கொண்டு பிடதி போக வேண்டும். சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், மைசூர் வழி தூரம் குறைவு; ஆனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, ராத்திரியில் போக்குவரத்துத் தடையும் உண்டு. நான் சொல்வது மைசூரில் தங்குவது. ஒரு நாள் அரண்மனையும் மிருகக்காட்சி சாலையும், மறுநாள் காலை பிடதி. மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் திறந்த விரைவுச்சாலை பிடதி ஊருக்குள் போகாமல் தாண்டிவிடும். எங்கே இறங்க வேண்டும் என்று முன்பே பார்த்து வையுங்கள். இப்படிப் போட்டால் பெங்களூர்ப் பயணம் இரண்டு நாள், இரண்டு நாள் லீவு. கொச்சி ஒரு நாளில் முடியும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இன்னும் 140-ஐத் தொடவில்லை. எனவே இந்த வருடமும் கொச்சிதான், ஆகஸ்ட் முதல் பாதியில், சுதந்திர தினத்துக்கு முந்தைய ஒரு செவ்வாயோ புதனோ. ஆடி போய்க்கொண்டே இருக்கும், மழை ஜூலையைவிடக் குறைந்திருக்கும், ஓணக் கூட்டம் வந்திருக்காது. முந்தைய நாள் மாலை வானிலை மையத்தின் மழை எச்சரிக்கை நிறத்தைப் பார்ப்பேன். மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ.; போகலாம். ஆரஞ்சு என்றால் 115.6 முதல் 204.4 வரை, அதற்கு மேல் சிவப்பு. ஆரஞ்சு வந்தாலே தள்ளிப்போடுவேன், சாலைக்காகவாவது. மழை பெய்தது என்று சொல்லி டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அதனால் தேதி மாற்ற இடம் இருக்கிறதா என்று நிபந்தனையைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் கிளம்பும் நாள் காலையில் போட்டாலும் ஆடியில் டிக்கெட் கிடைக்கும். குளத்தில் இறங்க நைலான் உடை கட்டாயம், பருத்தியை விட மாட்டார்கள். வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், மழையில் திரும்பும்போது போட்டுக்கொள்ள இரண்டு செட் உலர்ந்த துணியும் சேர்த்து.